கேரம் பவுடரும் சர்க்கரைத் தண்ணீரும்: காக்ஸ் டவுன் சமையலறையில் எறும்பு

வீட்டிலேயே எறும்பு மருந்து கலந்து வைத்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும். மொய்த்தது, கொஞ்சம் செத்தது, சில நாளில் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை அவர்கள் மருந்தை இரட்டிப்பாக்குவார்கள். பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். எறும்பு மருந்து பற்றி அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியைப் பிழிந்து எடுத்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்: விஷம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், சாவு தாமதமாக வர வேண்டும். எந்த எறும்பு, அதற்கு என்ன ருசி, எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் விவரங்கள். ஆனால் அந்த விவரங்களில்தான் பெங்களூருவின் காக்ஸ் டவுன் சமையலறை வேறு, கலிபோர்னியாத் தோட்டம் வேறு என்றாகிறது. நம் கைக்கு வந்து சேரும் செய்முறைகளில் பல கலிபோர்னியாவில் பிறந்தவை.

பெங்களூரு கண்டோன்மென்ட்டின் கிழக்குப் பேட்டைகளுக்கும் வீட்டுக்குள் நுழையும் ஜீவராசிகளுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1898-இல் ஊரில் பிளேக் பரவியது. நெரிசலைக் குறைக்க ஊரை விரித்துக் கட்டியபோதுதான் பிரேசர் டவுனும் அதை ஒட்டிய பேட்டைகளும் வளர்ந்தன. பிளேக் அண்டாத நகரமைப்பு என்பதைப் பற்றி ஜே.எச். ஸ்டீபன்ஸ் 1914-இல் புத்தகமே எழுதினார். எலிதான் அன்றைய எதிரி. எலி வளை தோண்டாத தரை, வெளிச்சம், காற்றோட்டம் என்று யோசித்தார்கள். எறும்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது; ஒரு மில்லிமீட்டர் கீறல் போதும் என்று வருகிறவனை எந்த எஞ்சினியர் தடுப்பார்?

காக்ஸ் டவுனில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, மரச்சட்ட ஜன்னல், சிவப்பு ஆக்சைடு தரை. காரை உதிர்ந்த ஒவ்வொரு கீறலும் ஒரு எறும்புக் குடித்தனம். அப்படிப்பட்ட வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் எழுப்பிய நாலு மாடி அபார்ட்மென்ட்டில் நிலைமை மேல் என்று சொல்ல முடியாது. டைல்ஸுக்குப் பின்னால் இடைவெளி, சுவருக்குள் ஓடும் மின்கம்பிக் குழாய், பால்கனியில் வரிசையாகத் தொட்டிச் செடிகள். பழைய வீட்டு எறும்பு தரை வழியாக வரும். புதிய வீட்டு எறும்பு சுவிட்ச் போர்டு வழியாக வரும்.

எப்போது வரும் என்பதைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புறநானூற்றின் 173-ஆம் பாட்டில் சோழன் கிள்ளிவளவன், பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கிறான். மழை வரும் பொழுதில் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசை அவனுக்கு நினைவு வருகிறது. (முட்டை என்று நாம் எல்லோரும் சொல்வது பெரும்பாலும் புழுவோ கூட்டுப்புழுவோதான். அசல் முட்டை, ஒரு புள்ளி அளவே இருக்கும்.) பெங்களூருவில் அந்த ஏற்றம் ஏப்ரல், மே மாதக் கோடை மழையோடு தொடங்கி, செப்டம்பர், அக்டோபரின் கனமழையில் உச்சத்துக்கு வருகிறது. மண்ணில் இருக்கும் கூடு நனைந்தால் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வருகின்றன. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் கதை தலைகீழ்: அப்போது தேடுவது தண்ணீரை. சிங்க் ஓரத்திலும் குளியலறைக் குழாயிலும் வரிசை கட்டும். மருந்து வைப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வறட்சியில் திரவ மருந்துக்கு வரவேற்பு அதிகம்.

தென்னிந்திய எறும்புகளைப் பற்றி எழுதும் பழக்கம் இங்கே நீண்டது. மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1851-லேயே இப்பகுதி எறும்புகளை விவரித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். 1903-இல் பிங்கம் பிரிட்டிஷ் இந்தியாவின் எறும்புகளைத் தொகுத்து எழுதினார். பெங்களூரு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் முஸ்தாக் அலி கர்நாடக எறும்புகளை வகைப்படுத்தினார். அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் சேர்ந்து தீபகற்ப இந்தியாவின் எறும்புகளுக்கு 2006-இல் ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். பாமரரும் புரட்டிப் பார்க்கக்கூடிய புத்தகம். இத்தனை இருந்தும், மருந்து கலக்கிற நாம் ‘எறும்பு’ என்ற ஒரே பெயரோடு வேலையைத் தொடங்கிவிடுகிறோம். அங்கேதான் முதல் தடுமாற்றம்.

சமையலறை மேடையில் ஊரும் பொடி எறும்பை உற்றுப் பாருங்கள். தலையும் மார்பும் கறுத்து, வயிறும் காலும் ஏறக்குறைய நிறமே இல்லாமல் வெளிறி இருந்தால் அது ஆங்கிலத்தில் கோஸ்ட் ஆன்ட் எனப்படும் பேய் எறும்பு. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். நசுக்கி முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காய் வாடை வரும்; இதைவிட எளிய அடையாளம் வேறு இல்லை. உடல் முழுக்க மஞ்சளும் பழுப்புமாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ஃபாரோ எறும்பாக இருக்கலாம். உலகம் முழுக்க மருத்துவமனைகளுக்குத் தொல்லை தருவது இதுதான். கட்டுப்போட்ட புண்வரை தேடிப் போகிற இந்த எறும்புகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972-இல் பீட்ஸன் என்பவர் லான்செட் இதழில் எழுதிக் காட்டினார். ஜெர்டன் 1851-இல் பெயர் வைத்த இன்னொரு எறும்பின் பெயருக்கு ‘அழிப்பவன்’ என்று பொருள். துணியையும் மின்கம்பியின் உறையையும் கடித்துவைக்கும் பழக்கம் இருப்பதால் அந்தப் பெயருக்கு அது நியாயம் செய்துகொண்டிருக்கிறது.

நீண்ட காலும் நீண்ட உணர்கொம்புமாக, கோடு போட்ட மாதிரி போகாமல் குறுக்கும் நெடுக்கும் பதறி ஓடும் கறுப்பு எறும்பைத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளையார் எறும்பு என்கிறார்கள். கடிக்காது, அதனால் கொல்லவும் மனம் வராது. செவ்வெறும்புகளில் நெருப்பாகச் சுடுகிற வகை மத்திய அமெரிக்காவிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்தது. காம்பவுண்ட் மண்ணில் கூடு கட்டி, எண்ணெய்ப் பிசுக்கையும் செத்த கரப்பானையும் தேடி உள்ளே வரும். கடைசியாகக் கட்டெறும்பு. மாமரத்தடியிலோ வேலி ஓரத்திலோ குடியிருந்துகொண்டு ராத்திரியில் பாயசப் பாத்திரத்துக்கு வந்துபோகிற விருந்தாளி. இதற்கு மருந்தே வேண்டாம் என்பது என் கட்சி. பாத்திரத்தை மூடினால் போதும். கரையானையும் பிடித்துத் தின்கிற வேலைக்காரனைக் கூட்டோடு அழிப்பதில் லாபமில்லை.

வகை தெரியவில்லை என்றால் எறும்பையே கேட்டுவிடலாம். ஓர் அட்டைத் துண்டில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர், சற்றுத் தள்ளி ஒரு துளி கடலை எண்ணெய், இன்னொரு மூலையில் கருவாட்டுத் துணுக்கோ அவித்த முட்டையின் மஞ்சள் கருவோ. வரிசைக்குப் பக்கத்தில் வைத்து அரைமணி கழித்துப் பார்த்தால் போதும். பேய் எறும்பும் பிள்ளையார் எறும்பும் பெரும்பாலும் இனிப்பின் பக்கம் நிற்கும். நெருப்பெறும்பு எண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் போகும். ஆனால் இதை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. கூட்டில் புழுக்கள் நிறைந்திருக்கும் காலத்தில் இனிப்புப் பிரியர்களும் புரதம் கேட்கும். வளர்ந்த எறும்புக்கு ஓட ஆடத் தேவை சர்க்கரை. வளரும் புழுவுக்குத் தேவை கறி. நேற்றுவரை மொய்த்த மருந்தை இன்று முகர்ந்துவிட்டு விலகிப்போனால், மருந்து கெட்டுவிட்டது என்பதில்லை, வீட்டில் பிள்ளைகள் பெருகிவிட்டன என்று பொருள்.

இனி, எறும்பின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். எறும்புக்கு இரண்டு வயிறு என்று சொல்லலாம். முன்னால் இருப்பது பொதுப் பை. குடித்த திரவத்தை அதில் நிரப்பிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும் எறும்பு, கேட்கிற ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துளி ஊட்டும். அது அடுத்ததற்கு ஊட்டும். இப்படிக் கைமாறி கைமாறி ராணிக்கும் புழுக்களுக்கும் போய்ச் சேரும். தனக்கென்று செரிப்பதற்குப் பின்னால் வேறு வயிறு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. வாய்க்குள்ளேயே ஒரு வடிகட்டி வேறு உண்டு. வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது. திடமான இரையைச் செரிப்பது புழுக்களின் வேலை.

இந்த ஒரு செய்தி தெரிந்தால் வீட்டு வைத்தியங்களில் சரிபாதி உதிர்ந்துவிடும். ரவையைத் தூவினால் எறும்பு அதைத் தின்று, வயிற்றில் ஊறி வீங்கிச் செத்துவிடும் என்பார்கள். விழுங்க முடியாததை எப்படி ஊற வைக்கும்? சர்க்கரையோடு ஆப்ப சோடாவைக் கலந்து வைத்தால் வயிறு வெடிக்கும் என்பதும் அதே ரகம். ரவையைத் தூவிய வீடுகளில் நடப்பதெல்லாம், எறும்புகளுக்கு வீட்டிலேயே ரேஷன் கடை திறந்து வைப்பதுதான். எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு போவதை வெற்றியாக எண்ணி மகிழ்ந்தவர்கள் நிறைய பேர்.

வெளியில் நாம் பார்க்கும் வரிசை, கூட்டத்தின் ஒரு சிறு பங்குதான். மீதி எல்லாம் உள்ளே இருக்கிறது. வரிசையில் இருப்பவை எல்லாம் வயதான வேலைக்காரிகள். கூட்டில் புழு வளர்த்து முடித்த பிறகுதான் வெளிவேலைக்கு வரும். ஸ்பிரே அடித்து வரிசையை ஒழிப்பது, ஒரு கம்பெனியின் டெலிவரி ஆட்களை மட்டும் மடக்குவது போல. ஆபீஸ் நடந்துகொண்டே இருக்கும். பேய் எறும்பிலும் ஃபாரோ எறும்பிலும் நிலைமை இன்னும் மோசம். இவற்றின் கூட்டில் ராணிகள் பல. மிரட்டினால் ஒரு ராணியையும் கொஞ்சம் புழுக்களையும் கூட்டிக்கொண்டு ஒரு கோஷ்டி தனிக்குடித்தனம் போய்விடும். ஸ்பிரே அடித்த வீட்டில் ஒரு வரிசை மூன்றாகிவிடுவது இப்படித்தான்.

எனவே மருந்து, எறும்பு கூட்டுக்குப் போய்ப் பங்கு கொடுத்து முடிக்கும்வரை அதைக் கொல்லாமல் இருக்க வேண்டும். இதை அமெரிக்கர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். தென் மாநிலங்களில் பரவிய நெருப்பெறும்பை ஒழிக்க 1957 முதல் ஹெப்டாகுளோரையும் டீல்ட்ரினையும் விமானத்திலிருந்து தூவினார்கள். பறவைகளும் கால்நடைகளும் செத்தன. ரேச்சல் கார்சன் 1962-இல் ‘மௌன வசந்தம்’ எழுதியபோது இந்தத் திட்டத்துக்குத் தனி இடம் ஒதுக்கினார். எறும்பு நிபுணர் ஈ.ஓ. வில்சன் இதைப் பூச்சியியலின் வியட்நாம் என்றார். விஷத்தை ஊரெங்கும் இறைப்பதற்குப் பதில் எறும்பே தூக்கிக்கொண்டு போகும்படி இரையில் வைக்கலாம் என்று யோசித்தவர்கள், நல்ல எறும்பு மருந்துக்கு இலக்கணம் வகுத்தார்கள். ஸ்டிரிங்கரும் லாஃப்கிரனும் சேர்ந்து 1964-இல் எழுதியது இன்றும் செல்லும்: மெதுவாகக் கொல்ல வேண்டும், வாயிலிருந்து வாய்க்குப் பரவ வேண்டும், வாடையால் எறும்பை விரட்டக்கூடாது. அந்த இலக்கணத்துக்கு அன்று பொருந்தியது மைரெக்ஸ். அது மண்ணிலும் உடற்கொழுப்பிலும் தங்கிவிடும் நஞ்சு என்று தெரிந்து 1978-இல் அமெரிக்காவிலேயே நிறுத்தினார்கள். இலக்கணம் சரி, எடுத்துக்காட்டு தப்பு.

சரியான எடுத்துக்காட்டு அதற்கு முன்பே வீடுகளில் இருந்தது. போரிக் அமிலம். பழைய ஆள், ஆனால் ஐந்து சதவீதம், அதற்கு மேல் என்று கலந்து வைத்ததால் மதிப்பு இழந்திருந்தது. 1996-இல் ஜான் க்ளாட்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் அதை ஒரு சதவீதத்துக்கு இறக்கி, சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சோதனைக்கூடத்தில் அவர்கள் வைத்திருந்த கூட்டங்களில் பேய் எறும்பும் ஃபாரோ எறும்பும் இருந்தன என்பதுதான் நமக்கு முக்கியம். சில வாரங்களில் கூட்டங்கள் பெரிதும் சுருங்கின. 1998-இல் இதே ஆள் கலிபோர்னியாவில் அர்ஜென்டினா எறும்புக்கு அரை சதவீதக் கரைசலை வெளியில் வைத்துப் பார்த்து அதுவும் போதும் என்றார். அர்ஜென்டினா எறும்பு நம் ஊர்ச் சமையலறைப் பிரச்சினை அல்ல. அதனால் வெளிநாட்டுச் செய்முறையை எடுத்தாளும்போது அது எந்த எறும்புக்கு எழுதியது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

போரிக் அமிலத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பெரும்பாலும் அதுதான். பெட்டியில் போரிக் ஆசிட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்; மாவுப்பொருளால் செய்த கேரம் பவுடரும் விற்கிறது, அதைக் கலந்தால் எறும்புக்கு நல்ல ஆகாரம். மருந்துக்கடையிலும் கிடைக்கும். இன்னொரு வழி வெங்காரம். பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துவது. பெங்களூருவில் கிரந்திகெ அங்கடி என்று பலகை மாட்டிய நாட்டு மருந்துக் கடையில் பிளிகாரா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். படிகாரத்தை வாங்கிவந்துவிடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் வெள்ளைக் கட்டிதான், எறும்புக்குப் படிகாரத்தால் ஒன்றும் ஆகாது. வெங்காரத்தில் போரான் சத்து போரிக் அமிலத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒன்றரை மடங்கு எடுக்க வேண்டும்.

அளவு இதுதான். அரை லிட்டர் வெந்நீர், ஐம்பது கிராம் சர்க்கரை, ஐந்து கிராம் போரிக் அமிலம். கிராம் தராசு இல்லாத வீட்டில் தட்டி மட்டம் செய்த ஒரு தேக்கரண்டி போரிக் என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு தேக்கரண்டி சர்க்கரை. வெங்காரம் என்றால் ஒன்றரைத் தேக்கரண்டி. வெந்நீர் எதற்கு என்றால், குளிர்ந்த நீரில் போரிக் அமிலம் சீக்கிரம் கரையாது. கரையாமல் அடியில் தங்கினால் மேலே வெறும் சர்க்கரைத் தண்ணீர், கீழே கொடும் மருந்து. ஒரு சதவீதம் என்ற கணக்கே அங்கு பொய்யாகிவிடும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்றால் போடலாம், ஆனால் சீக்கிரம் புளித்துவிடும். எண்ணெய்க்குப் போகும் எறும்புக்கு இந்தக் கரைசல் உதவாது. போரிக் எண்ணெயில் கரையாது. அவித்த முட்டை மஞ்சள் கருவையோ வேர்க்கடலை விழுதையோ எடுத்து, அதே ஒரு சதவீதத்துக்கு நன்றாகப் பிசைந்து வைப்பது ஒரு வழி. புழுக்கள் தின்றுதான் அது கூட்டத்துக்குள் போக வேண்டும் என்பதால் தாமதம் கூடும். நெருப்பெறும்பு விஷயத்தில் வீட்டு மருந்தின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

வைப்பதில் இருக்கிறது சூட்சுமம். பாட்டில் மூடியில் பஞ்சை வைத்து, கரைசலால் நனைத்து, எறும்பு போகிற தடத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். தடத்துக்கு மேல் அல்ல. முதல் ஒரு மணி நேரத்தில் மூடியைச் சுற்றிக் கறுப்பு வளையம் கட்டும். பெரும்பாலோர் இங்கேதான் கையை விடுகிறார்கள். மொய்ப்பதைப் பார்த்துப் பதறித் துணியை எடுத்துத் துடைத்துவிடுவார்கள், அல்லது ஸ்பிரே. அந்த எறும்புகள்தான் மருந்தைத் தூக்கிப் போகிற ஆட்கள். விட்டுவிட வேண்டும். எறும்பு போகிற வழியில் வாடை பூசி வைத்திருக்கிறது, அதை முகர்ந்துதான் அடுத்தது வருகிறது. சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அந்த வாடை போய்விடும். மருந்து வைத்திருக்கும் நாட்களில் மேடையின் மற்ற பகுதியைத் துடைக்கலாம், அந்தத் தடத்தை மட்டும் தொடக்கூடாது. சர்க்கரை டப்பாவும் ஜாம் பாட்டிலும் மூடியிருக்க வேண்டும். பக்கத்திலேயே நல்ல பாயசம் கிடைத்தால் மருந்துத் தண்ணீரை யார் சீந்துவார்?

வறண்ட மாதங்களில் பெங்களூருக் காற்று மூடியை ஒரே நாளில் காய வைத்துவிடும். தண்ணீர் ஆவியாகும்போது போரிக் போகாது. ஒரு சதவீதம் மெல்ல இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் எறும்பை விரட்டும் மருந்தாகிவிடும். தினம் ஒரு முறை பஞ்சை மாற்றி நனைப்பது இதற்காகத்தான். இரண்டு மூன்று நாளில் வரிசை மெலியும். கூட்டம் அடங்க வாரங்கள் ஆகும். வரிசை நின்ற பிறகும் ஒரு வாரம் மருந்தை எடுக்காமல் இருப்பது நல்லது. பல ராணிகள் உள்ள கூட்டங்கள் மெல்லத்தான் ஒடுங்கும்.

போட்டியில் இருக்கும் மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் பெற்றோர் காலத்தில் எறும்புப் பொடி என்றால் கெமாக்சின், அதாவது பி.எச்.சி. இந்தியா அதை 1997 ஏப்ரலில் தடை செய்தது. அதன் வீரியமான வடிவமான லிண்டேனின் பயன்பாடும் 2013-இல் முடிந்தது. அந்த இடத்துக்கு வந்தது லட்சுமண ரேகை சாக்பீஸ். பைரித்ராய்டு வகை நஞ்சு. கோட்டைத் தாண்டும் எறும்பைக் கொல்லும், கூட்டைத் தொடாது. குழந்தை கையில் எழுதும் சாக்பீஸாகவே தெரியும் என்பது பெரிய ஆபத்து. கடையில் கிடைக்கும் ஜெல் மருந்துகள் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்றவற்றை மிகச் சிறு அளவில் இனிப்போடு கலந்தவை. வீட்டு மருந்தின் தத்துவம்தான், இலக்கணப்படி செய்தது. வீட்டுக் கரைசல் பலிக்காத இடத்தில் அதற்கு மாறுவதில் தவறில்லை.

மஞ்சள்பொடி, கிராம்பு, கற்பூரம், வேப்பெண்ணெய், வினிகர் எல்லாம் விரட்டிகள். வரிசை இங்கிருந்து அங்கே போகும். விருந்து நாளன்று ஒரு மாலைக்கு அது போதும் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மருந்துக்குப் பக்கத்தில் மட்டும் கூடாது. பழைய கண்டோன்மென்ட் வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். மிக நல்ல முறை. ஒரு சிக்கல்: டெங்குக் கொசுவுக்கும் அந்தக் கிண்ணம் பிடிக்கும். வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவாமல் அதை வைப்பதற்கில்லை.

காக்ஸ் டவுன் தமிழ் வீடுகளில் வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எறும்புக்கு என்று சொல்லித்தான் போடுகிறார்கள். அதே நகரத்தில் ஜைனர்களும் மார்வாடிகளும் மரத்தடி எறும்புப் புற்றில் மாவும் சர்க்கரையும் தூவுவதைப் பார்க்கலாம். வாசலில் படையல், அடுக்களையில் விஷமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. வாசல் மாவுக்கு வருவது பெரும்பாலும் வெளியில் வாழும் எறும்பு. சுவருக்குள் கூடு வைத்திருக்கும் பேய் எறும்புக்கு வாசல் வரை வர அவசியமே இல்லை.

தவிர, பலர் கவனிக்காத உணவு ஒன்று வீட்டிலேயே சுரந்துகொண்டிருக்கிறது. மொட்டை மாடிச் செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் செடிச் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற இனிப்பைக் கழிக்கும். எறும்பு அதைக் குடித்துக்கொண்டு, பதிலுக்கு அந்தப் பூச்சிகளின் எதிரிகளை விரட்டிக் காவல் காக்கும். இந்தப் பால்பண்ணை இருக்கும்வரை சமையலறை மருந்து அரை வெற்றிதான்.

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவு சாட்சி. மஞ்சள் பைத்திய எறும்பு அங்கே பெருகிச் செந்நண்டுகளை லட்சக்கணக்கில் கொன்றது. 2002-இல் ஹெலிகாப்டரிலிருந்து ஃபிப்ரோனில் கலந்த இரையைத் தூவினார்கள். குறைந்தது, திரும்பப் பெருகியது. கடைசியில் எறும்பை விட்டுவிட்டு, அதற்கு இனிப்புச் சுரக்கும் செதில்பூச்சியைத் தாக்கும் மிகச் சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் விட்டார்கள். அதே மஞ்சள் எறும்புதான் 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் கால்நடைகளின் கண்ணைக் குறிவைத்துச் செய்திக்கு வந்தது. பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் பிரியதர்சனன் தர்மராஜன் அப்போது இந்த எறும்பைப் பற்றிப் பேசினார். அந்த அளவுக்கு வந்துவிட்ட கூட்டத்துக்குப் பாட்டில் மூடியும் பஞ்சும் விடையல்ல. மாடித் தோட்டத்துக்கு விடை எளிது: மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுங்கள், தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எறும்புக்கு மூன்றாவது மாடி, நாலாவது மாடி என்ற கணக்குக் கிடையாது. கம்பிக் குழாய் வழியாக ஒரே கூட்டம் மூன்று வீட்டில் சாப்பிடும். நீங்கள் பொறுமையாக மருந்து வைத்துக்கொண்டிருக்கும் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பிரே அடித்தால் உங்கள் வேலை கெட்டது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மருந்தைவிடப் பயன் தரும். சுவிட்ச் போர்டிலிருந்து வருகிறவைக்கு மூடியைப் போர்டுக்குக் கீழே தரையில் வைக்க வேண்டும். கரைசலைப் போர்டில் தெளிப்பதோ துளைக்குள் விடுவதோ உயிருக்கு ஆபத்து.

ஆபத்து என்றதும் போரிக்கின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். எலிகளில் சோதித்துக் கண்ட அளவில், ஒரே வேளையில் உயிரைக் குடிக்க அது சமையல் உப்பளவே வேண்டியிருக்கிறது. இதை வைத்து ‘உப்பு மாதிரிதான்’ என்று சிலர் தைரியம் சொல்வார்கள். உப்பைப் போல உடலிலிருந்து சட்டென்று வெளியேறுவதில்லை என்பதையும், சென்ற நூற்றாண்டின் நடுவில் குழந்தைகளின் புண்ணில் தூவியும் பால்மாவில் தவறிக் கலந்தும் பச்சிளம் குழந்தைகள் இறந்திருக்கின்றன என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. அளவு மிகுந்தால் கருவுறும் திறனுக்கும் கருவுக்கும் கேடு என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் அடுக்களையில் ஏற்கெனவே வெள்ளைப் பொடிகள் அதிகம்: ஆப்ப சோடா, அப்பளக்காரம், பொடியுப்பு, சர்க்கரை. போரிக் டப்பா அந்த வரிசையில் நிற்கக் கூடாது. கரைசலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைக்கக் கூடாது. இனிப்பாக இருக்கும், குழந்தை முழுங்கிவிடும். மூடியைக் குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாமல், எறும்புக்கு மட்டும் எட்டுகிற சந்தில் வைக்க வேண்டும். ஓட்டை போட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து டேப் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

மிஞ்சின கரைசலை மாடித் தொட்டியில் கொட்டுகிற பழக்கம் உண்டு. சர்க்கரைத் தண்ணீர்தானே என்று. போரான் செடிக்கு இம்மியளவு வேண்டும், கொஞ்சம் கூடினால் இலை நுனி கருகும். துளசித் தொட்டிக்குக் கண்டிப்பாக வேண்டாம். சிங்க்கில் ஊற்றி நிறையத் தண்ணீர் விட்டுவிடலாம். அதைவிட நல்லது, அரை லிட்டருக்குப் பதில் கால் லிட்டராகக் கலந்து, பேர் எழுதி ஒட்டி, பூட்டுள்ள அலமாரியில் வைத்து, அடுத்த மழைக்குப் புதிதாகக் கலப்பது.